டிரில் பேட்டரிக்கு வெயில்தான் எமன்

கார்ட்லெஸ் டிரில்லோ கிரைண்டரோ, எதுவானாலும் முதலில் படுத்துவிடுவது பேட்டரிதான். மோட்டார் நன்றாகவே இருக்கும். ‘வேலை ஜாஸ்தி, அதான் போயிடுச்சு’ என்று பழியை வேலை மீது போடுகிறோம். சார்ஜ் ஏறி இறங்குவதில் தேய்மானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், வீட்டில் எப்போதாவது எடுக்கும் டிரில்லின் பேட்டரி உழைத்துத் தேய்வதில்லை. முழு சார்ஜோடு சூட்டில் சும்மா கிடந்தே வீணாகிறது.

18 வோல்ட் பேட்டரியின் உறைக்குள் விரல் பருமனில் ஐந்தோ பத்தோ லித்தியம் அயனி செல்கள் இருக்கும். ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுதாக சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட்டைத் தொடும். அந்த நிலையில் அதன் கிராஃபைட் முனை லித்தியத்தால் நிறைந்து, சுற்றியுள்ள கரைசலோடு வினைபுரியத் துடிக்கும். முனையின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம் மெதுவாகத் தடிக்கும். படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது; செல்லின் உள்மின்தடையும் ஏறும். பழைய பேட்டரியில் சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்கும் எரிந்தும், கிரைண்டரை இரும்பில் வைத்து அழுத்தியதும் நின்றுபோவது இதனால்தான். இந்த வினைகளைச் சூடு முடுக்கிவிடுகிறது. 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. மே மாதத்தில் தகரக் கூரைப் பட்டறையும், வெயிலில் நிற்கும் வேனும் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘சுத்தமாக இறங்கவிட்டு சார்ஜ் போடு’ என்பது நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது கெடுதல்: செல் அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் இதையெல்லாம் தடுக்காதா என்று கேட்கலாம். ஓரளவு தடுக்கும், பல சார்ஜர்கள் சூடான பேட்டரி ஆறும்வரை சார்ஜ் ஏற்றாமல் காத்திருக்கவும் செய்யும். ஆனால் வேனில் கிடப்பதை நிழலுக்கு எடுத்துவைக்க எந்த சர்க்யூட்டாலும் முடியாது. காலையில் சைட்டுக்குப் போகும் ஆசாரிக்கு முழு சார்ஜ் வேண்டாமா என்பது இன்னும் நியாயமான கேள்வி. கட்டாயம் வேண்டும். முழுதாக ஏற்றுவது தப்பில்லை, ஏற்றி வாரக்கணக்கில் போட்டுவைப்பதுதான் தப்பு. தினமும் வேலை செய்பவர் முதல்நாள் இரவு ஏற்றிக்கொள்ளட்டும். மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஓட்டை போடுகிறவருக்கு அந்த அவசரம் இல்லை.

வேலையின்போது எழும் சூட்டைக் குறைக்கவும் வழி உண்டு. பத்து செல் பேட்டரியில் செல்கள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதால், ஒரு செல் வழியே பாதி மின்னோட்டமே போகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு செல்லும் கால்பங்குதான் சூடாகும். கிரைண்டருக்கும் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் பெரிய பேட்டரி வாங்குவது வீண்செலவு இல்லை. ஸ்குரூ முடுக்கச் சின்னதே போதும்.

இன்றே உங்கள் பேட்டரியை எடுத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு வேலை இல்லையென்றால், நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவில் கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வேலை முடிந்து கை பொறுக்காத சூட்டில் இருந்தால், ஆறிய பிறகே சார்ஜரில் மாட்டுங்கள்.