கதை எப்படி முடிகிறது? – ஓராண்டு வாசிப்பிலிருந்து ஒரு பாடம்

சென்ற ஆண்டு ஒரு மாலை, தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து, "என்ன கதை டீச்சர்?" என்று கேட்டாள். பினாங்குக்குத் திரும்பும் ஒரு பெண், அவள் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல், வீட்டுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு காதலி என்று சுருக்கமாகச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "கடைசில அந்தப் பொண்ணு செத்துடுவாளா டீச்சர்?" என்றாள். நான் பாதிதான் படித்திருந்தேன். "தெரியலயேம்மா" என்றேன். ரயில் வந்துவிட்டது.

பேயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை பாருங்கள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓராண்டு படித்தேன்: பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் வரும் அறிவியல் புனைகதைகள், மிகுபுனைவுகள். அதில் கற்றதை வகுப்புக்கும் தேர்வுக்கும் உதவும் வகையில் இங்கே தருகிறேன்.

முதலில் சொற்கள்

அறிவியல் புனைகதை என்றால் அறிவியலின் துணையோடு 'இப்படி நடந்தால்?' என்று கேட்கும் கதை. மிகுபுனைவு என்றால் மாயமும் தெய்வமும் பேயும் இயல்பாக உலவும் கதை. இதற்கு எடுத்துக்காட்டு தேடி எங்கேயும் போக வேண்டாம். மலாயில் 'தஞ்சோங்' முனை, 'பகார்' வேலி. கரைக்குத் தாவி வந்து மனிதர்களைக் குத்திய வாள்மீன்களை வாழைத்தண்டு வேலி போட்டுத் தடுக்கலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னானாம். ஊர் பிழைத்தது. அவன் அறிவைக் கண்டு பயந்த அரசன் அவனைக் கொன்றுவிட்டான். இந்தப் பேட்டையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. வித்தியாசமாக யோசித்தவனுக்குக் கதை என்ன முடிவு தந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சொல், பால்புதுமையர். ஆண்–பெண் ஈர்ப்பு என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களை மரியாதையோடு குறிக்கும் சொல். இத்தகைய சொற்களின் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 ஜூனில் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

மதுரையில் ஒரு பெண்ணரசு

"இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். 'அல்லி ராஜ்ஜியம்' என்று நாமே பேச்சில் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யிலிருந்து. அல்லி மலரில் கிடைத்த குழந்தை வளர்ந்து, பகைவனை வென்று, பெண்கள் படையோடு மதுரையை ஆள்கிறாள். ஆண் துணை வேண்டாம் என்கிறாள். அர்ச்சுனன் கண்ணன் உதவியோடு பாம்பாக மாறி அவள் அறைக்குள் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

அல்லி பெண்களைக் காதலித்தாள் என்று அந்த மாலை சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் ஆண் வேண்டாம் என்ற ஒருத்தியை அவள் விழித்திருக்கும்போது ஒப்புக்கொள்ள வைக்கக் கதைக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் பாம்பும் தூக்கமும் தேவைப்பட்டன.

பிறகு வந்த கதைகள்

அல்லிக்கு அடுத்து நான் படித்தது ரொக்கையா உசேனின் 'சுல்தானாவின் கனவு'. 1905இல் வெளியானது, அச்சேற்றியது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழ். அதில் பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு நாட்டை ஆள்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். இங்கே பெண்–பெண் காதல் இல்லை. முடிவில் கனவு கலைந்துவிடுகிறது.

அமெரிக்கரான ஜோஆனா ரஸ் 1972இல் எழுதிய 'வென் இட் சேஞ்சுடு' நெபுலா விருது பெற்ற சிறுகதை. ஒரு கோளில் கொள்ளைநோயால் ஆண்கள் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பெண்களே மணந்து, பிள்ளை பெற்று, வயலையும் எந்திரத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். பூமியிலிருந்து வந்த ஆண்கள், "மற்றவர்கள் எங்கே?" என்ற தோரணையில் தேடுகிறார்கள். எதிரே நிற்பவர்கள் அவர்கள் கண்ணில் படவே இல்லை. இதுவும் சோகமான முடிவுதான். அல்லியின் கதையோடு சேர்த்துப் படித்தால் அந்தச் சோகம் புரியும்.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) உலக மிகுபுனைவு விருது பெற்ற நாவல். தீயில் இறங்க மறுத்ததற்காகச் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி. அவளுக்குப் பணிவிடை செய்ய வரும், மந்திர ஆற்றலை மறைத்து வாழும் பிரியா. இந்திய மரபின் சாயல் கொண்ட உலகம். அங்கே இந்தக் காதலைவிடப் பெரிய ஆபத்து, ஆட்சி யாருக்கு என்பதுதான்.

ரயில் நிலையத்தில் நான் படித்தது மலேசியரான ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' (2021). நாயகி ஜெஸ், காதலியின் பெயர் சரண்யா. நம் வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடிய பெயர்!

இது நமக்கு எதற்கு?

2014 ஜூலையில் தேசிய நூலக வாரியம் 3 சிறுவர் நூல்களை விலக்கிக்கொண்டது நினைவிருக்கலாம். ஒன்றில் குஞ்சு வளர்க்கும் 2 ஆண் பென்குயின்கள். இன்னொன்றில் குழந்தையைத் தத்தெடுக்கும் பெற்றோருள் ஒரு பெண் இணை. பெரிய விவாதத்துக்குப் பின் இந்த இரண்டும் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. மூன்றாவது அதற்குள் கூழாக்கப்பட்டுவிட்டது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது. அது ஆண்களைப் பற்றிய பிரிவு. பெண்களைக் குறிப்பிடவே இல்லை. தடைசெய்வதற்குக்கூடச் சட்டம் நினைத்துப் பார்க்காத ஒருத்தி, தன்னைப் போன்றவளைக் கதையில்தான் தேடுவாள். அவள் நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு கதையிலும் அப்படிப்பட்டவள் செத்துப்போனால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்?

நீங்கள் ஆசிரியர் என்றால் இந்த நூல்களை வகுப்பில் வைக்கச் சொல்லவில்லை. பாடத்திட்டமும் பெற்றோரும் இருக்கிறார்கள், தெரிந்ததுதான். அல்லியை வைத்தே தொடங்கலாம். கேலிச் சிரிப்பு எழுந்தால் அதைக் கடந்துபோகாமல், சரியான சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். அவ்வளவு போதும்.

தேர்வு மாணவர்களுக்கு

எந்தக் கற்பனைக் கதையை ஆய்ந்தாலும் இந்த 3 கேள்விகளைக் கேளுங்கள்:

1. நம் உலகின் எந்த விதியைக் கதை மாற்றியிருக்கிறது?
2. அது மாறியதால், இயற்கை என்று நாம் நினைத்த எது வெறும் பழக்கமாகத் தெரிகிறது?
3. முடிவு யாருக்கு நிம்மதி தருகிறது? பாத்திரத்துக்கா, கேட்பவருக்கா?

அல்லி கதைக்கு மூன்றாவது கேள்வியைப் போட்டுப் பாருங்கள்; ஒரு பத்தி தானாக வரும். ஒரு எச்சரிக்கை: கதையில் இல்லாததைப் பாத்திரத்தின் மேல் ஏற்றி எழுதாதீர்கள். சான்று கதைக்குள் இருக்க வேண்டும்.

அந்த மாணவியை மறுபடி பார்க்கவில்லை. நாவலை அன்று இரவே முடித்துவிட்டேன். இதைப் படித்தால் அவளுக்குத் தெரியட்டும்: இல்லம்மா, அந்தப் பொண்ணு சாகல.