குதிகால் வார்

வீரசோழன் வாரச்சந்தைக்கு வருகிறவர்களின் கால்களில் அதிகம் தென்படுவது, இரண்டு விரல்களுக்கு நடுவே வார் நுழையும் ரப்பர் செருப்புதான். விலை குறைவு, நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் அது காலைப் பிடித்துக்கொள்வதில்லை. கால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

குதிகால் எழும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் தடித்த சவ்வு அப்போது இறுகி, உள்ளங்கால் வளைவை உயர்த்துகிறது, பாதம் விறைக்கிறது. தரையை உந்தித் தள்ள அந்த விறைப்பு வேண்டும் என்று 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். பின்வார் இல்லாத செருப்போ, அதே நொடியில் விரல்களைக் கீழே இறுக்கச் சொல்கிறது. சிமெண்டுத் தரையில் இது பெரிதாகத் தெரியாது. மழை பெய்த கரிசலில் இறங்கினால் களி அடியில் அப்பிக்கொள்ளும். கால் மட்டும் எழுந்து வரும்.

நார்வேக்காரர்களுக்குப் பனியில் இதே சிக்கல் இருந்தது. நீண்ட மரச்சட்டங்களை விரல் பக்கம் மட்டும் வாரால் மாட்டிக்கொண்டு சறுக்குவார்கள். தாவினால் சட்டம் கழன்று ஓடும். டெலிமார்க் பகுதியின் மோர்கெடாலைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம், முறுக்கிய இளங்குச்சிகளைக் குதிகாலைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டினார். குதிகால் தாராளமாக எழலாம், பாதம் மட்டும் பின்னால் நழுவாது. 1868இல் இன்றைய ஆஸ்லோவில் நடந்த போட்டியில் அவரது ஆட்டம் பெரும் பேர் வாங்கியது. இன்று குச்சிக்குப் பதில் எஃகுக் கம்பியும் சுருள்வில்லும் வந்துவிட்டன. வாங்குபவர் கேட்பது, வில் எவ்வளவு கடினம் என்பதைத்தான். மென்மையானது ஏற்றத்துக்குச் சுகம், கடினமானது இறக்கத்தில் பிடிமானம்.

நம் ஊரில் இந்தப் பின்வாரை அவசியமாக்கியது பனியல்ல, மரத்துப்போன கால். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குச் சதை தானாக அழுகுவது காரணமில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயமே காரணம் என்று காட்டினார். வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த அந்தப் பணியில் வளர்ந்தது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அது. பாதத்தின் எடையைப் பரப்பித் தாங்கும். இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள். மரத்த காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது என்பதால் பின்வார் வைத்தது வேண்டும். விரலிடுக்கு வார் தோலை உரசிப் புண்ணாக்கும் என்பதால் அது கூடாது.

திருச்சுழிப் பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், சீமைக்கருவேல் முள். மெத்தென்ற ரப்பரை அது சுலபமாகத் துளைத்துவிடும். உள்ளே ஒடிந்த முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் தேட வேண்டியிருக்கும். அதனால் எம்.சி.ஆருக்கு அடியில் கெட்டியான அடிப்பாகம் இருக்கிறதா என்று கேளுங்கள். தொழுநோயாளிகளுக்குச் செய்தபோது பழைய டயரையே அடியில் ஒட்டினார்கள். டயர் செருப்பைச் சிரிப்போடு பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்: நூலிழை அடுக்குள்ள டயர், முள்ளுக்கு நல்ல தடுப்பு. குறை, விறைப்பும் ஆணியும். தேயத் தேய ஆணி மேலே எட்டிப் பார்க்கும். உணர்ச்சி குறைந்தவர்கள் ஆணி அடித்ததைத் தொடவே வேண்டாம், ஒட்டியதோ தைத்ததோ போதும்.

கடைக்குச் சாயங்காலம் போவது நல்லது, பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு நடங்கள். பெரிய காலுக்கு அளவெடுங்கள். கையால் வளைத்தால் செருப்பு விரல் மூட்டுக்கு நேராக மடங்க வேண்டும், நடுவில் அல்ல. மரத்த காலுக்கு வாங்கியிருந்தால், முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி, வேறொருவரைப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது சிவந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.