சிவப்பு நாடாவும் குளவியும்

நம்மூர் மங்கலம் ரோட்டில் நாடாத் தறி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தாக 'ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்' என்று நெய்த சாவிப் பட்டைக்கு அவருக்கு ஆர்டர் வருகிறதாம். புல்லட் ஓட்டும் பையன்கள் சாவியில் தொங்குமே, அதேதான். "பறக்கறதுக்கு முன்னாடி எதைங்க கழட்டச் சொல்றாங்க?" என்று கேட்கிறார்.

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். சும்மா நிற்கும்போது அதற்கு வரும் வம்புகள்தான் எனக்குப் பிடித்த சங்கதி. 2025 ஏப்ரலில் பெங்களூரு விமான நிலையத்தில், இன்ஜின் பழுதுபார்ப்புக்காகக் காத்து நின்ற இண்டிகோ விமானத்தின் மூக்குக்கு அடியில் ஒரு டெம்போ டிராவலர் போய் முட்டியது. நசுங்கியது வேனின் கூரை. அதே ஆண்டு ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் ஜூலை 22 வரை கிளம்பவில்லை. கேரளச் சுற்றுலாத் துறை விடுமா? ஊர் பிடித்துப்போய் விமானமே கிளம்ப மறுப்பதாக விளம்பரம் போட்டுவிட்டது.

வேன் முட்டினால் எல்லோருக்கும் தெரியும். குளவி புகுந்தால்?

விமானத்தின் முகத்தருகே, முன்னோக்கி நீட்டியபடி சில சிறிய குழாய்கள் இருக்கும். பிட்டாட் குழாய் என்று பெயர். ஹென்றி பிட்டாட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1732-இல் செய்ன் ஆற்றின் வேகத்தை அளக்கச் செய்த ஏற்பாட்டின் வாரிசு இது. எதிர்க்காற்று குழாய்க்குள் அழுந்துகிறது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள துளைகள் சாதாரணக் காற்றழுத்தத்தைச் சொல்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. குழாய் அடைத்தால் விமானம் உடனே விழுந்துவிடாது. ஆனால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது விமானிக்குத் தெரியாமல் போகும். வேகம் மிகக் குறைந்தால் இறக்கை தூக்காது என்பதால் அது லேசான விஷயமில்லை.

குளவிக்கு இந்தக் குழாய் கட்டிவைத்த வீடு. எங்கள் வீட்டில் பீரோவின் சாவித் துவாரத்தை அது மண்ணால் பூசி மூடியபோது, குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அம்மா யாரையும் தொடவிடவில்லை. பட்டுச்சேலைகள் உள்ளேயே கிடந்தன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அப்படி விட்டுவைக்க முடியாது. 2013 நவம்பரில் அங்கே சுமார் இரண்டு மணி நேரமே நின்ற எத்திஹாட் விமானத்தில் கேப்டன் பக்கத்துக் குழாய் மண்ணால் அடைபட்டுவிட்டது. மேலே போய், அந்தப் பக்கம் வேகம் சரியாகத் தெரியாததால் திரும்பி வந்து இறங்கியது. பிறகு ஆய்வாளர்கள் போலிக் குழாய்களை முப்பரிமாண அச்சில் செய்து விமான நிலையத்தில் நட்டு, 2016 முதல் 2019 வரை காத்திருந்தார்கள். 93 தடவை முழுசாக அடைத்துக் காட்டியது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து அங்கே குடியேறிய ஒரு குளவி.

அதற்குத்தான் நிற்கும் விமானத்தின் குழாய்க்கு உறை. உறையில் தொங்குவதுதான் அந்தச் சிவப்பு நாடா. கழற்ற மறந்தால் குளவி செய்யும் வேலையை உறையே செய்துவிடும். 2018 ஜூலையில் அதே பிரிஸ்பேனில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் மூன்று குழாய்களிலும் உறையோடு மேலேறியது. சுற்றிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர்கள் எல்லோர் கண்ணுக்கும் நாடா தப்பிவிட்டது. ஒரு மணி நேரம் வானத்தில் தவித்து, பத்திரமாக இறங்கினார்கள்.

நம்மூர் தையல் கம்பெனிகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். கழற்றக் கூடாததைக் கழற்றுவோம். ஓவர்லாக் மெஷினின் ஊசிக் காப்பு பீஸ் ரேட்டுக்கு இடைஞ்சல் என்று மேஜை டிராயரில் கிடக்கும். ஊசி விரலில் ஏறினால் கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த பீஸ். நோட்டில் எழுதுவது யார்?

விமானத்தில் எழுதியே ஆக வேண்டும். பழுதுப் பதிவேட்டில் விமானி புகார் எழுதினால், மெக்கானிக் அதற்கு எதிரே பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பதிவேட்டை வைத்தே விமானிகள் வட்டாரத்தில் பல ஜோக்குகள் உலவுகின்றன. புகார்: விமானி அறையில் எலி. பதில்: பூனை பொருத்தப்பட்டது. புகார்: முன்கண்ணாடியில் செத்த பூச்சிகள். பதில்: உயிருள்ள பூச்சிகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம், சரக்கு வரவில்லை.