விண்டோஸ் 10: கைவிடுவதா, வைத்திருப்பதா?

வீட்டுக் கணனி பழுதின்றி இயங்கும்வரை அதனுள்ளே இருந்து அதனை ஆட்டிவைக்கும் பணிசெயல் முறைமையைப்பற்றி நம்மவர் நினைப்பதில்லை. ஆயினும், 2015 ஜூலை 29ஆந் திகதி வெளிவந்த விண்டோஸ் 10இற்கு, 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டபின், இவ்விஷயத்தைச் சிந்தியாதிருக்க முடியாது.

பராமரிப்பு நின்றதனாற் கணனி நின்றுவிடவில்லை. கடிதம் எழுதலாம்; பிள்ளைகள் பாடம் படிக்கலாம்; லண்டனிலோ கனடாவிலோ உள்ள மகனின் முகத்தைத் திரையிற் காணலாம். பலரை மயக்குவதும் இதுவே. நின்றது யாதெனில், முறைமையிற் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களே. விண்டோஸ் 10இற்கும் 11இற்கும் உட்கட்டமைப்பிற் பெரும்பகுதி பொது. ஆதலால் புதியதற்கு ஒரு திருத்தம் வெளிவரும்போது, எங்கே அடைத்தார்கள் என்று பார்த்து, பழையதில் அதே இடம் திறந்திருப்பதைக் கள்வர் அறிந்துகொள்ளலாம். வங்கிக் கணக்கைக் கணனியிலேயே பார்த்துவரும் இல்லத்தவர்க்கு இது சிறு விஷயமன்று.

இது வீண் அச்சமென்பார்க்கு 2017ஆம் ஆண்டின் வரலாற்றைக் கூறுவோம். அவ்வாண்டு மே 12ஆந் திகதி ‘வனாக்ரை’ எனும் தீநிரல் பரவி, சுமார் 150 நாடுகளிற் கணனிகளை முடக்கி, உள்ளிருந்த கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பியனுப்பும்படி நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமோ மார்ச் 14ஆந் திகதியே வெளியாகியிருந்தது! அன்று பாதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, அப்பொழுதும் பராமரிப்பிலிருந்த விண்டோஸ் 7 கணனிகள். மருந்து கிடைத்தும் உட்கொள்ளாதவை. எனவே பெயருக்குப் பின்னாலுள்ள இலக்கம் அத்துணை முக்கியமன்று. திருத்தங்கள் வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி.

இனி, நமது கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமா? ஆகக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என்பது விதி. (விதி அப்படியிருப்பினும், 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்தால் பொறுமையும் வேண்டும் என்பது நமது கருத்து.) தடை பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. இன்டெல் புரோசசராயின், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். ‘கோர் ஐ5-8250யூ’ என்று ஒட்டியிருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 8 அத்தலைமுறையைக் குறிக்கும். 7200 என்றிருந்தால் ஏழாவது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாவித்த மடிக்கணனி வாங்குவோர் விலையைக் கேட்குமுன் இவ்விலக்கத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது டீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. இஃது இல்லையென்று கணனி சொன்னவுடனே மனந்தளர வேண்டியதில்லை. பல கணனிகளில் அவ்வசதி உள்ளேயிருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். பயோஸ் அமைப்பினுள் இன்டெலுக்கு ‘பீ.டீ.டீ.’ என்றும், ஏ.எம்.டீ.க்கு ‘எஃப்.டீ.பீ.எம்.’ என்றும் காணப்படுவதை இயக்கினாற் போதும். இதை அறியாது புதுக் கணனி வாங்குவது வீண் செலவு.

ஏற்காத கணனியில் விதிகளை ஏமாற்றி விண்டோஸ் 11ஐப் புகுத்தித் தருவோரும் உளர். அவ்வாறு புகுத்தியதற்குத் திருத்தங்கள் கிடைக்குமென மைக்ரோசொஃப்ட் உறுதி கூறுவதில்லை. எதற்காக மாறுகின்றோமோ அதுவே உறுதியற்றதாயின் மாறிப் பயன் என்ன?

உடனே மாற இயலாதவர்க்கென 2026 ஒக்டோபர் 13ஆந் திகதி வரை ஓராண்டுத் தவணையொன்றை அந்நிறுவனம் வகுத்தது. கட்டணம் 30 டொலர். கணனியின் அமைப்புகளைத் தனது கணக்கிற் சேமிக்க இசைந்தவர்க்கு இலவசம். தவணை என்பது தவணைதான். அதற்குப் பின்னும் பழைய கணனியையே வைத்திருக்க விரும்புவோர் லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமையை நாடலாம். இணையம், கடிதம், கணக்கு இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். குறித்த ஒரு விண்டோஸ் மென்பொருளிலேயே பிழைப்பு நடத்துவோர்க்கு அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

மாறுவதெனத் தீர்மானித்தோர், முதலில் குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் வெளி வன்தட்டொன்றிற் பிரதிசெய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று வேறொரு கணனியிற் பார்த்துவிடுக. பாமினி எழுத்துருவிற் கட்டுரையும் அழைப்பிதழும் தட்டெழுதி வைத்திருப்போர் அவ்வெழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்துவைத்தல் வேண்டும். முறைமையை முற்றாக அழித்துப் புதிதாக நிறுவினால் எழுத்துருவும் போய்விடும். பின்னர், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிற்கும். டொஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் இன்னும் வைத்திருக்கும் கடைக்காரரும் கவனிக்க: விண்டோஸ் 11 64-பிட் வடிவில் மட்டுமே உண்டு, அம்மென்பொருள் அதில் நேரே இயங்காது.

அழிக்காமல், இருந்ததன்மேலேயே மாற்றியவர்க்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விரும்பினால் பழைய முறைமைக்குத் திரும்பலாம். அப்பத்து நாளைக்குள்ளேயே அச்சுப்பொறி, ஸ்கேனர், பிள்ளையின் பாட மென்பொருள் ஆகிய எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுக.