பூசணிக்கு எடை போதுமா?

தர்மபுரிச் சந்தைகளில் மஞ்சள் பூசணிக்கு எடைதான் விலை. அறுத்த பத்தையின் சதை வெளிர் மஞ்சளா, கரும் ஆரஞ்சா என்று பார்த்து யாரும் கூடுதல் காசு கொடுப்பதில்லை. சத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது அந்த நிறத்தைத்தான்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைப் பூசணிச் சதையில் சுமார் 92 கிராம் தண்ணீர். மாவுச்சத்து 6.5 கிராம், பொட்டாசியம் 340 மில்லிகிராம், வைட்டமின் சி 9 மில்லிகிராம், ஆற்றல் வெறும் 26 கலோரி. வகைக்கு வகை தலைகீழாக மாறுவது பீட்டா கரோட்டின். பூசணியில் 3,100 மைக்ரோகிராம் இருக்கும் இந்த நிறமி, அதே குடும்பத்துச் சுக்கினியில் 120 அளவில்தான் இருக்கிறது. உடல் இதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது வேண்டும்.

நம் ரகங்களுக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 காய் 7 முதல் 8 கிலோ தேறும். கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோதான், சதை ஆரஞ்சு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் 2 முதல் 3 கிலோ. 100 கிராம் சதையில் கரோட்டின் 3,331 சர்வதேச அலகு என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் அலகு 0.6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின். அப்படியானால் ஏறக்குறைய 2,000 மைக்ரோகிராம். பன்னிரண்டு பங்கு பீட்டா கரோட்டின் ஒரு பங்கு வைட்டமின் ஏ-வுக்குச் சமம் என்பதால், கிடைப்பது சுமார் 167. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 510 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஆக, ஒரு சிறு பத்தையிலேயே மூன்றில் ஒரு பங்கு! சத்துணவுச் சாம்பாரில் எந்தப் பூசணி விழுகிறது என்பது அற்ப விஷயமல்ல.

ஆனால் ஓர் ஊர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிட்டு ரகங்களுக்கு வரிசை போடக் கூடாது. மண், அறுவடைப் பருவம், இருப்பு வைத்த நாள் எல்லாம் கரோட்டினை மாற்றும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில், ஒரே வயலில் இந்த ரகங்களை வளர்த்துச் சதையை அளந்து உழவர்களுக்குச் சொன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது எளிது. காம்பு காய்ந்து, நகம் இறங்காத தோலோடு நன்றாக முற்றிய காயாக வாங்குங்கள். கரோட்டின் கொழுப்பில் கரைவது; எண்ணெய் விட்டுத் தாளித்தோ தேங்காய் அரைத்துவிட்டோ சமைத்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஆரஞ்சுச் சதைக் காயிலிருந்து விதை எடுத்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பக்கத்து வயல் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிடும். இந்தக் காயின் சதை அதனால் மாறாது, அடுத்த போகத்தில் நிறம் கலைந்துவிடும். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியை மாலையிலேயே நூலால் கட்டி, காலையில் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட்டால் ரகம் மாறாமல் நிற்கும்.