மூன்று எழுத்து தள்ளி எழுதினால் கடிதம் ரகசியமாவது எப்படி?

ஜூலியஸ் சீசர் தன் ரகசியக் கடிதங்களை அப்படித்தான் எழுதினார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுந்து மூன்று இலை தள்ளி உட்காருகிறார்கள். கடைசி மூவருக்கு இலை இல்லையே? காலியான முதல் மூன்று இலைகளுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

எழுத்துகளும் அப்படியே. ஆங்கிலத்தில் 'பேக்' என்று எழுத பி, ஏ, ஜி வேண்டும். மூன்று தள்ளினால் இ, டி, ஜே. இசட் சுற்றி வந்து சி ஆகும். கடிதம் பெற்றவர் மூன்று இடம் பின்னால் வந்தால் போதும், படித்துவிடலாம்.

எத்தனை தள்ளினார்கள் என்று தெரியாதவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் தள்ள 25 வழிதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் டீ ஆறுவதற்குள் குட்டு உடைந்துவிடும்!

நீளமான கடிதமென்றால் இன்னும் சுலபம். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து இ. ரகசியக் கடிதம் முழுக்க எச் மொய்த்தால், தள்ளியது மூன்று. இப்படி எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் வித்தையை 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்துவிட்டார்.

அப்படியும், 2006இல் பிடிபட்ட சிசிலி மாஃபியா தலைவர் பெர்னார்டோ புரோவென்சானோவின் துண்டுச் சீட்டுகளில் ஏ என்றால் 4, பி என்றால் 5. அதே மூன்று! போலீஸ் படித்துவிட்டது.