கின்ஸாவில் ஒரு சிறு பார்

2024-ம் ஆண்டில் ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்கள் டோக்கியோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்த நாள் முதல் விடுதி நண்பர்கள் புல்லட் ரயிலைப் பற்றியும் பூகம்பத்தைப் பற்றியும் கேட்டவண்ணம் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவதோ வேறொன்று. அங்கே ஓர் இரவு, எட்டுப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய மதுச்சாலை ஒன்றுக்குப் போனேன். "இவன் எப்போது கெட்டுப் போனான்?" என்று புருவத்தை நெரிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். போனேன், குடிக்கவில்லை. குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான் இங்கு எழுதப் புகுந்தேன்.

மது என்பது எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லப்படாத சொல். என் தாய்மாமனை அது முப்பத்தெட்டாவது வயதில் கொண்டு போயிற்று. விமானம் ஏறுமுன் அம்மா தொலைபேசியில் இரண்டே விஷயங்கள் சொன்னாள்: "வேளைக்குச் சாப்பிடு. அந்தக் கண்றாவியை மட்டும் தொட்டுடாதே." ஆகையால் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்த மாணவர் ஒருவர், "இன்று உன்னை ஒரு பாருக்கு அழைத்துப் போகிறேன்" என்றபோது சங்கடமாகிவிட்டது. மறுத்தால் அவர் மனம் நோகும். போனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? "நான் குடிப்பதில்லை" என்று தயங்கிச் சொன்னேன். "அதனால் என்ன? சும்மா வா" என்றார் அவர்.

வாசலும் வரவேற்பும்

கின்ஸா டோக்கியோவின் பகட்டான கடைவீதிப் பகுதி. பெரிய கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் ஒடுக்கமான கட்டிடங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மாடிகளிலும் நிலவறைகளிலும் சிறு சிறு பார்கள் இருக்கின்றன. ஜூலைத் தொடக்கம், அங்கே மழைக்காலம். குடையை மடக்கிக்கொண்டு படியிறங்கினோம். கதவில் உள்ளங்கையகலப் பெயர்ப்பலகை ஒன்றுதான் அடையாளம்.

உள்ளே நீண்ட மரப்பலகை மேஜை ஒன்று. அதன் இப்புறம் எட்டு நாற்காலிகள். அப்புறம் வெள்ளைக் கோட்டு அணிந்த முதியவர் ஒருவரும் அவரிடம் தொழில் பழகும் இளைஞர் ஒருவரும். கடைக்காரரை வாடிக்கையாளர் 'மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். கூச்சலோ, காதைத் துளைக்கும் பாட்டோ இல்லை. உட்கார்ந்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சுருட்டிய சிறு துண்டைக் கொடுத்தார்கள். 'ஓஷிபோரி' எனப்படும் அதில் கை துடைத்துக்கொண்ட பிறகுதான் மற்றவை.

அடுத்து, நாம் கேளாமலே ஒரு சிறு தட்டு வந்தது. புகையிட்டு ஊறவைத்த முள்ளங்கியின் இரு வில்லைகள். மேலே சிறிது பாலாடைக்கட்டி. இம்முள்ளங்கி ஜப்பானின் வடபகுதியில் உள்ள அகித்தா மாநிலத்தின் சரக்கு. இவ்வாறு முதலில் வரும் தட்டை உணவுக் கடைகளில் 'ஓதோஷி' என்பர். இதற்கும் இருக்கைக்கும் சேர்த்துக் கட்டணம் உண்டு. அன்று ஆளுக்கு 1,000 யென். நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். விவரம் அறியாமல் போகிறவர்கள் பட்டியலைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. ஆனால் இனாம் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை.

பின்னர் எண்ணெயில் சூடாக்கிய மத்தி மீன், நம் சாளைக்கு உறவு, நான்கே நான்கு துண்டுகள் வந்தன. இந்தச் சிறு தட்டுகள் வயிறு நிரம்புவதற்காக வருவன அல்ல. குடிப்பவரின் கையை நிதானப்படுத்துவதே இவற்றின் வேலை. சாராயம் பெரும்பாலும் சிறுகுடலில்தான் இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பையில் உணவு இருந்தால் அது குடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, அது குறையக் குறைய அந்த இளைஞர் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வந்த கோப்பை

என் முறை வந்தது. "எனக்கு மது வேண்டாம்" என்று சொல்லும்போது என் முகம் சிவந்திருக்க வேண்டும். மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "புளிப்பு விருப்பமா, இனிப்பு விருப்பமா?" என்று மட்டும் கேட்டார். புளிப்பு என்றேன்.

என் நண்பருக்கு விஸ்கி கலக்க எடுத்த அதே கத்தியையும் அதே பனிக்கட்டியையும் எனக்காக எடுத்தார். முஷ்டியளவுக் கட்டியை உள்ளங்கையில் ஏந்திக் கத்தியால் செதுக்கிச் செதுக்கி உருண்டையாக்கினார். ஜப்பானியர் 'உமே' என்று சொல்லும் காயின் பாகு, அப்போது துருவிய இஞ்சியின் சாறு, சோடா ஆகிய மூன்றும் அதன்மேல் விழுந்தன. நீண்ட கரண்டியால் ஓசையின்றி ஒரு சுற்று. மாவடுவும் நெல்லிக்காயும் சேர்ந்தாற்போன்ற ருசி. நண்பரின் கோப்பைக்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு நிமிஷமும் எனக்குக் குறைக்கவில்லை. பாரில் மது வேண்டாதவன் பாதி விருந்தாளிதான் என்று எண்ணிக்கொண்டு போனவன் நான்.

பனிக்கட்டியின் விஞ்ஞானம்

பௌதிக மாணவனாகையால் என் கண் அந்த உருண்டையின் மேலேயே இருந்தது. அது கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உறையும் கட்டி மட்டும் ஏன் நடுவே வெளுத்திருக்கிறது? நீர் உறையும்போது, தன்னில் கரைந்த காற்றையும் உப்புகளையும் பளிங்குக்குள் சேர்க்காமல் வெளியே தள்ளுகிறது. சிறு தட்டில் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் உறைவதால், காற்று தப்ப வழியின்றி நடுவில் சிக்கி வெண்மையாகிறது. பனிக்கட்டித் தொழிற்சாலையிலோ நீரைக் கலக்கிக்கொண்டே மெதுவாக உறைய வைப்பார்கள். ஒரு பெரிய பாளத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அழுக்கெல்லாம் கடைசியாக மிஞ்சும் நீரில் ஒதுங்கிவிடும்.

விடுதியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். சிறு பாத்திரத்தைச் சுற்றியும் அடியிலும் தெர்மாகோல் வைத்து, மேற்புறம் மட்டும் திறந்திருக்க நீரை உறைய விடுங்கள். குளிர் மேலிருந்து மட்டுமே இறங்குவதால் மேற்பாதி தெளிவாகவும் அடிப்பாதி வெண்மையாகவும் இருக்கும்.

உருண்டை வடிவம் எதற்கு? 1 கிராம் நீர் 1 டிகிரி குளிர்வதற்கு அதிலிருந்து 1 கலோரி வெப்பம் நீங்கினால் போதும். 1 கிராம் பனிக்கட்டி உருகுவதற்கோ ஏறக்குறைய 80 கலோரி வேண்டும். ஆகவே பானத்தைக் குளிர்விப்பது பெரும்பாலும் கட்டி உருகுவதே. உருகினால் பானம் நீர்த்துப் போகும். குளிர்ந்த பானம் நீர்த்துவிடாமல் நெடுநேரம் இருக்க வேண்டுமானால், கட்டியின் மேற்பரப்பு குறைவாக இருக்க வேண்டும். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். அதே பனிக்கட்டியை 2 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் பதினான்கு துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு! உருண்டை மெதுவாக உருகும். அருந்துபவரும் அவசரப்பட வேண்டியதில்லை.

ஜப்பானுக்கு வந்த வழி

இத்தொழில் ஜப்பானியரின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 1859-ம் ஆண்டில் யோக்கஹாமா துறைமுகம் அயல்நாட்டு வாணிபத்துக்குத் திறக்கப்பட்டது. அங்கிருந்த கிராண்ட் ஹோட்டலில் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயி எப்பிங்கர் என்பவர் கலவை மதுவைப் பரிமாறிவந்தார். அந்த ஹோட்டல் 1923-ம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்தது. கின்ஸாவில் 1928-ல் தொடங்கிய 'லூபின்' என்னும் பாரில்தான் எழுத்தாளர் தஸாய் ஒசாமு நாற்காலியின்மேல் காலைத் தூக்கி வைத்திருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் 1946-ல் எடுக்கப்பட்டது.

விஞ்ஞான மாணவர்கள் அறிய வேண்டிய பெயர் தகெத்ஸுரு மஸதகா. அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த அவர், 1918-ல் தம் இருபத்து நான்காம் வயதில் ஸ்காத்லாந்து சென்றார். கிளாஸ்கோவில் ரசாயனம் படித்து, விஸ்கி வடிக்கும் ஆலைகளில் வேலை பழகி, கண்டதையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு 1920-ல் திரும்பினார். அந்த அறிவைக் கொண்டே யமஸாக்கி ஆலையை உருவாக்கினார். அதன் கட்டுமானம் 1923-ல் தொடங்கியது. பிறரிடம் கற்றதைப் பொறுமையாகத் தமதாக்கிக்கொள்ளும் குணம் அந்தப் பனிக்கட்டியிலும் தெரிந்தது.

நாணயத்தின் மறுபக்கம்

ஜப்பானில் எல்லோரும் அளவறிந்தே குடிக்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அன்றிரவு கடைசி ரயிலுக்குப் போனபோது, நல்ல உடுப்பு அணிந்த இரு அலுவலர்கள் நிலையத்து நடைமேடையில் சுருண்டு கிடந்தார்கள். ஒருவருடைய காலணி தனியே கிடந்தது. எனக்கு மாமாவின் நினைவு வந்தது. மதுவினால் விளையும் உடற்கேட்டைத் தடுக்க ஜப்பானியப் பாராளுமன்றம் 2013-ம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆகவே நான் பெருமையாகப் பேசுவது அந்தத் தேசத்தின் குடியைப் பற்றியன்று. எட்டு நாற்காலிகளுக்குமேல் ஒன்பதாவது போடாத அந்த அறையைப் பற்றி. இடம் சிறிது, தட்டு சிறிது, கோப்பை சிறிது. அதனால்தான் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பரிமாற அந்த முதியவரால் முடிகிறது.

மறுநாள் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தொட்டியா?" என்றாள். "இல்லைம்மா." "சாப்பிட என்ன கொடுத்தாங்க?" மீனைப் பற்றிச் சொன்னேன். "நாலே துண்டா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள்.

நம் விடுதியிலும் தேர்வு முடிந்த இரவுகளில் கூட்டம் கூடுகிறது. வேண்டாம் என்பவனை, "நீயெல்லாம் ஆம்பிளையா?" என்று கேலி செய்கிறோம். போதும் என்பவனுக்கு இன்னொன்று ஊற்றுகிறோம். அதற்குப் பெயர் தோழமை என்கிறோம். குடிக்கும் நண்பர்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வேண்டாம் என்பவனிடம் காரணம் கேளாதிருக்கலாம். அவன் கையிலும் ஒரு நல்ல கோப்பையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அதற்கு டோக்கியோ வரை போக வேண்டியதில்லை.